வாயசைவு

டப்பிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு செய்கிற தேவசகாயத்துக்கு அருகே ஒரு பொம்பிளை நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாளே, படத்தை வாங்கியவர் வீட்டு ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஹெட்போனைச் சரிசெய்த தையல்நாயகி, அந்தப் பொம்பிளை முந்தானையால் மூக்கைத் துடைத்த விதத்தில்தான் அது அக்கா என்று கண்டுகொண்டாள்.  காலையில் அக்காவை வெளியே சோபாவில் உட்காரவைத்து, கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, "இங்கியே இரு, உள்ள வராத, சாப்பாட்டு நேரத்துக்கு நானே வந்துடுறேன்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். எதிர்வீட்டு மைதிலி மட்டும் கல்யாணத்துக்கென்று காஞ்சிபுரம் போகாமல் இருந்திருந்தால் அக்காவை இங்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கவே வேண்டாம். வீட்டில் தனியாக விட முடியாது, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அந்தத் தீயையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். இந்தத் தேவசகாயம் நல்ல மனுஷன், வெளியே ஏசி ஓடவில்லை, பாவம் அந்தம்மா வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உள்ளே அழைத்து நாற்காலி போட்டிருப்பார். கெட்டவன் செய்தால் சண்டை போடலாம், நல்ல மனுஷன் செய்கிற இடைஞ்சலுக்கு யார்மேல் போய் விழுவது? அந்த அறையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. இங்கே இவள் எச்சில் விழுங்கினால் அங்கே கேட்கும். இன்றைக்கென்று பார்த்துப் பேய்ப்படம், அதிலும் பேயோட்டுகிற கட்டம். முப்பது வருஷமாக எத்தனையோ பேய்க்குக் குரல் கொடுத்தும் ஒன்றுகூட அக்கா காதில் விழாமல் காத்து வந்தவள் தையல்நாயகி. தங்கை சினிமாவில் அணிலுக்கும் முயலுக்கும் பேசுகிறாள் என்றுதான் அக்காவுக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டால் அக்கா மறுபடி அந்தப் பழைய இடத்துக்கே போய்விடுவாளோ என்ற பயம் ஒன்று. அது யார் குரல் என்று தெரிந்துகொண்டுவிடுவாளோ என்ற பயம் இன்னொன்று. இரண்டில் எது பெரிது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரெடியாம்மா?" என்று நீலமேகத்தின் குரல் காதுக்குள் வந்தது. படத்துக்குத் தமிழ் வசனம் எழுதியவர், டப்பிங்கை நடத்துகிறவர் எல்லாம் அவர்தான். இந்த அறையில் அவர் குரல் கடவுள் குரல் மாதிரி மேலேயிருந்து வரும், ஆனால் பாக்குப் போட்ட வாயோடு வரும். திரையில் பனி பெய்கிற ஏதோ ஒரு ஊர். மார்த்தா என்கிற பெண்ணை இரும்புக் கட்டிலில் கையையும் காலையும் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கறுப்பு அங்கி போட்ட பாதிரியார் சிலுவையை நீட்டிக்கொண்டு, "தீய சக்தியே, உன் பெயரைச் சொல்! இந்தப் பேதைப் பெண்ணின் உடலை விட்டு அகன்று விடு!" என்று அடித்தொண்டையில் முழங்குகிறார். பாதிரியாரின் குரலை வேறொருவர் போன வாரமே பேசி முடித்துவிட்டுப் போய்விட்டார். நீலமேகம் எழுதினால் எந்த நாட்டுப் பாதிரியாரும் நாடகத்து ராஜா மாதிரிதான் பேசுவார், பேயும் சளைக்காமல் இலக்கணத்தோடு பதில் சொல்லும். இந்த இடத்தில் மட்டும் பேய்க்கு வசனம் இல்லை. காகிதத்தில் 'ரியாக்‌ஷன், உறுமல்' என்று போட்டிருந்தது. மார்த்தாவின் வாய் திறக்கிறது, உதடு கோணுகிறது, தலை ஒரு பக்கம் சரிகிறது, பிறகு கட். தையல்நாயகி வாயைத் திறந்தாள். வந்தது ஒரு பூனைக் குரல். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன வரும்? "என்னம்மா, பேய்க்கு உடம்பு சரியில்லையா?" என்றார் நீலமேகம். தேவசகாயம் சிரித்த சத்தம் கேட்டது. "உங்க ஸ்பெஷலைப் போடுங்கம்மா. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டது." ஸ்பெஷல் என்றால் அது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கில் முட்டி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற "ண்ண்ணீ". பேருக்கு நாயகி, குரலுக்குப் பேய் என்று யூனியனில் கிண்டல் செய்வார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவாள். தெலுங்குப் பேயோ கொரியாப் பேயோ வெள்ளைக்காரப் பேயோ, தமிழுக்கு வந்தால் எல்லாம் ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே ஒரு முந்திரிக் கொல்லையில் தொடங்கித்தான் ஆக வேண்டும். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வேம்பு அண்ணி, அண்ணனின் பெண்டாட்டி, வீட்டுக்கு வந்த மறு வருஷமே பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. போகும்போது அண்ணியின் தலை அக்கா மடியில் இருந்தது. அக்காவும் அண்ணியும் அக்கா தங்கையைப் போலத்தான் இருந்தார்கள், இல்லை, அதற்கும் மேலே, இவளையே ஒதுக்கிவிட்டு இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து ரகசியம் பேசிச் சிரிப்பார்கள், இவளுக்குப் பொறாமையாக இருக்கும். அண்ணி போன பிறகு அக்கா சோற்றைத் தொடவில்லை, தூங்கவில்லை. அண்ணியின் சேலைகளை எடுத்து மடிப்பாள், உதறுவாள், மறுபடி மடிப்பாள். ராத்திரி எழுந்து கொல்லைப்பக்கம் போய் நிற்பாள். துக்கம் அப்படியே மனசில் கட்டிக்கொண்டுவிட்டது என்று எவ்வளவோ வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு டாக்டர் சொன்னார், மாத்திரையும் கொடுத்தார், அந்த மாத்திரையில்தான் இன்றைக்கும் அக்கா ஒரு நிலையில் இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு ஊரில் அதற்குப் பேர் அதுவல்ல. அண்ணி பிடித்துக்கொண்டாள் என்றார்கள். உடுக்கையோடு பூசாரி வந்தார். பின்கட்டு அறையில் அக்காவைத் தூணோடு சேர்த்துக் கட்டி, முந்திரித் தோட்டையும் மிளகாய் வற்றலையும் சட்டியில் போட்டுப் புகைத்தார்கள். பேய் தன் பேரைச் சொல்கிற வரைக்கும் சோறு தண்ணி எதுவும் காட்டக் கூடாது என்பது பூசாரியின் கட்டளை. இவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் கதவில் சாவித்துவாரம்கூடக் கிடையாது, காதை வைத்துக் கேட்க மட்டும்தான் முடிந்தது. உடுக்கை, அப்புறம் "யார் நீ? சொல்லு, யார் நீ?", அப்புறம் வேப்பிலை அடி விழுகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை, மறுபடி உடுக்கை. முதல் நாள் காலையில் தொடங்கியது மறுநாளும் நடந்தது. எப்போதோ ஒரு நேரத்தில் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. அக்காவின் குரல் இல்லை அது. கரகரவென்று, காய்ந்த பனையோலையை இழுத்த மாதிரி, "ண்ண்ணீ". உடனே அம்மா பெருங்குரலெடுத்து, "அண்ணிங்குதே! ஐயோ, வேம்பு, என் கண்ணு, உனக்கு என்னடி கொற வெச்சோம்?" என்று விழுந்து அழுதாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். பூசாரி, பார்த்தாயா நான் சொன்னேனே என்று உடுக்கையை ஓங்கி அடித்தார். அதன் பிறகு போகிறாயா இல்லையா, போகிறாயா இல்லையா என்று பொழுது சாயும் வரை அடி. கடைசியில் அக்கா மயங்கிச் சரிந்தாள், அது அண்ணி போய்விட்ட அடையாளம் என்றார்கள், உச்சிமுடியைக் கத்தரித்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்துவிட்டு வந்தார்கள். அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் வேம்பு அண்ணிக்குச் சேலை எடுத்துப் படையல் வைத்தார்கள். அக்கா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கல்யாணம் என்ற பேச்சே பிறகு வரவில்லை.

சென்னைக்கு வந்து டப்பிங்கில் சேர்ந்த புதிதில், ஒரு படத்தில் பேய்க்குப் பேச வேண்டிய பொம்பிளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, குழந்தை அழுகைக்குக் குரல் கொடுக்க வந்து மூலையில் உட்கார்ந்திருந்த தையல்நாயகியை, நீ வேணா ஒருக்கா கத்திப் பாரேன் என்றார்கள். அவள் யோசிக்கவே இல்லை. அந்தக் கதவு, அந்தப் புகை, மூக்கில் ஏறிய முந்திரித்தோட்டுக் காட்டம், வாய் திறந்தது, அது வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், மறுநாள் இன்னொரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள், போனாள். பிறகு அழுகை வரவில்லை. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அக்காவைச் சென்னைக்குக் கூட்டி வந்து வைத்துக்கொண்டது, டாக்டருக்குக் காட்டியது, நல்லதாக நாலு புடவை எடுத்துக் கொடுத்தது எல்லாம் அந்தக் குரல்தான். அக்காவின் குரலை விற்று அக்காவுக்குச் சோறு போடுகிறோம் என்று சில நாள் தோன்றும், சில நாள் அதில் தப்பென்ன என்றும் தோன்றும், பெரும்பாலான நாள் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்பதுதான் தோன்றும். வீட்டில் டிவி பார்க்கும்போது மட்டும் ரிமோட் இவள் கையில் இருக்கும். பேய்ப்படம் என்றால் கை தானாக மாற்றிவிடும். ஏன்டி மாத்துற என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கமாட்டாள், அக்கா எதையும் கேட்கமாட்டாள், பசித்தால்கூடத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே தவிரக் கேட்கமாட்டாள். "அம்மா, ஓடுது" என்றார் நீலமேகம். மார்த்தாவின் வாய் திறக்கப் போகிறது. வேண்டாம் சார், எங்க அக்கா இருக்கா, வெளிய அனுப்புங்க என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் என்ன சொல்வது? அக்காவை வெளியே போகச் சொன்னால் அக்கா முகம் எப்படி ஆகும்? பேதை மாதிரி எழுந்து, நாற்காலியைத் துடைத்துவிட்டுப் போவாள், அதைப் பார்ப்பதற்கு இதுவே மேல்.   வாயைத் திறந்தாள். வந்துவிட்டது. வயிற்றிலிருந்து, மூக்கு வழியாக, தொண்டையைக் கீறிக்கொண்டு, "ண்ண்ண்ணீ". திரையில் பாதிரியார் பின்வாங்கினார். "அடி சக்கை!" என்றார் நீலமேகம். "ஓகே. டீ குடிச்சுட்டு வருவோம்." தையல்நாயகி கண்ணாடியைப் பார்க்கவில்லை. அக்கா அலறியிருப்பாள், காதைப் பொத்திக்கொண்டிருப்பாள், இல்லை கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருப்பாள், தேறிவர இனி எத்தனை மாசம் ஆகுமோ என்று நினைத்தபடி, ஹெட்போனைக் கழற்றியும் கழற்றாமலும் கனமான அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

அக்கா காகிதக் கோப்பையில் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். மடியில் மெதுவடை. தேவசகாயமும் நீலமேகமும் வாசலுக்குப் போயிருந்தார்கள். தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஏசிக்குக் குளிர்ந்திருந்தது, நடுங்கவில்லை.

"யாருடி அந்தப் புள்ள?" என்றாள் அக்கா.

"எந்தப் புள்ள?"

"கட்டில்ல கட்டிப் போட்டிருக்காங்களே, அது."

"அது சினிமாக்கா. நடிப்பு. பயந்துட்டியா?"

"சினிமான்னு எனக்குத் தெரியாதா?" அக்கா வடையைப் பிட்டு பாதியைத் தங்கைக்குக் கொடுத்தாள். "எவ்வளவு நேரமா கேக்குது பாவம். அத்தன பேர் சுத்தி நிக்கறானுவ, ஒருத்தனும் குடுக்கலியே."

"என்னாத்தக் கேக்குது?"

"தண்ணிதான். வேற என்னாத்தக் கேக்கும்? நீ வேற அந்த எடத்துல என்னாத்துக்கு உறுமுற?"

"அதும் பாஷை உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"பாஷை என்னாத்துக்கு? நாக்கு மேல ஒட்டிக்கிச்சின்னா வாய் அப்படித்தான் கோணும்." அக்கா ஒரு வாய் டீ குடித்தாள். "அன்னிக்கிப் பின்கட்டுல நானும் அதத்தான் கேட்டேன். தானா எழுத்து வரல. நாக்கு எந்திரிக்கவே இல்ல. மீதிதான் வந்துது. நீங்க எல்லாம் அண்ணி அண்ணின்னு அழுவ ஆரமிச்சிட்டீங்க."

தையல்நாயகி வடையை மென்றபடியே அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், தண்ணி, ண்ணீ. த. ஒரே ஒரு எழுத்து. நாக்கு பல்லைத் தொட்டால் வருகிற எழுத்து, தொடவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். அதற்கா அம்மா அந்த அழுகை அழுதாள், அதற்கா பொழுது சாயும் வரை அடி, அதற்கா அத்தனை ஆடிக்கும் சேலை. "அப்ப அண்ணி வரவே இல்லையாக்கா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான், இந்த வயசிலும் அண்ணி வந்திருந்தாள் என்று தனக்குள் எங்கேயோ நம்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. "வேம்புவா? வந்தா எனக்கென்ன கஷ்டம்? வரணும்னுதான் கொல்லைல போய்ப் போய் நின்னேன். வரல," என்றாள் அக்கா. அதில் கோபம் இல்லை, அழுகை இல்லை, மார்க்கெட்டில் கீரை வரவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. யார் நீ என்று ஊரே கேட்டது, உனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தர் கேட்கவில்லை, கதவுக்கு வெளியே காதை ஒட்டிக்கொண்டு நின்ற தானும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் என்ன செய்திருக்க முடியும்? ஒன்றும் செய்திருக்க முடியாது. அப்படியும் அழுகை வந்தது. அக்கா அவளைப் பார்த்துவிட்டு, "மொளகு கடிச்சிட்டியா?" என்று தன் டீயை நீட்டினாள். அதற்குள் தேவசகாயம் வந்துவிட்டார், இன்னும் ஒரு லூப்தான் மேடம், ஒரே ஒரு துண்டு, முடிச்சிட்டா சாப்பிடப் போயிடலாம் என்றார்.

உள்ளே போய் நின்றாள். அறை அதே அறை, மைக் அதே மைக், காற்றில் யாரோ முன்பு பேசிப் போனவரின் தாம்பூல வாசனை.  முப்பது வருஷமாக ஒரு பெண் தண்ணீர் கேட்டதைப் பேய் என்று சொல்லித் தியேட்டர் தியேட்டராகக் காட்டியிருக்கிறோம், ஜனங்கள் பாப்கார்னைக் கீழே கொட்டிவிட்டுப் பயந்திருக்கிறார்கள், ஒருத்தருக்காவது தாகமெடுத்திருக்குமா என்று நினைத்தாள், சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. திரையில் பேய் ஓடிவிட்டது. பாதிரியார் வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார், தாய்க்காரி கதவருகே நின்று அழுகிறாள், மார்த்தா கட்டிலில் கிடக்கிறாள், கட்டை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. காமிரா அவள் முகத்துக்குக் கிட்டே போகிறது. காகிதத்தில் 'ரியாக்‌ஷன், முனகல்' என்று இருந்தது. தையல்நாயகி காகிதத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. முதலில் வாய் கொஞ்சம் திறந்து, உள்ளே நாக்கு எழுந்திருக்கப் பார்த்து, பிறகு உதடுகள் பக்கவாட்டில் விரிந்தன. அக்கா சொன்னது சரிதான். நடித்த பெண்ணுக்கு என்ன பாஷையோ, அந்த இடத்தில் அவளுக்கு என்ன எழுதிக் கொடுத்திருந்தார்களோ, வாய் கேட்டது அதைத்தான்.

"தண்ணி," என்றாள் தையல்நாயகி.

படம் நின்றது. "மேடம், பேப்பர்ல வெறும் முனகல்தான் இருக்கு," என்றார் தேவசகாயம். நீலமேகம் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார், மார்த்தா அந்தப் பனி ஊரில் கிடந்து தமிழில் தண்ணி என்றாள். "வாயசைவுக்குச் சரியா லிப் உக்காருதேய்யா," என்றார் நீலமேகம், பாக்கை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு. "இருந்துட்டுப் போகட்டும். பாவமா இருக்கு கேக்க." உள்ளே பேசுவதற்கு அமுக்குகிற பொத்தானை அவர் இன்னும் விடவில்லை போலிருக்கிறது, அந்த அறையின் சத்தமெல்லாம் ஹெட்போனில் வந்துகொண்டிருந்தது, நாற்காலி கிறீச்சிட்டது, வளையல் எதன்மீதோ இடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா காலைக் கீழே விட்டு, முன்னால் சரிந்து, தேவசகாயத்தின் மேஜைமீது இருந்த குட்டி மைக்குக்கு நேராக வாயைக் கொண்டு வந்திருந்தாள்.

"தையலு," என்றது அக்காவின் குரல் காதுக்கு வெகு பக்கத்தில். "அவ்வளவு தெம்பா எல்லாம் கேக்க முடியாதுடி."

தேவசகாயம் படத்தைப் பின்னால் ஓட்டினார். தையல்நாயகி மைக்குக்கு இன்னும் கிட்டே போய், மூச்சை வெளியே விட்டுவிட்டு, மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.